மலையின் குற்றமா? மனிதனின் குற்றமா?

நமது தென் ஜில்லாக்களில் ஒரு பேச்சு வெகுநாளாய் வழங்கி வருகின்றது. அதாவது, இது வானம் பார்த்த சீமை. இதற்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான். மலைக்கு அந்தப் புறம் மழை கொட்டுவதும், இந்தப் புறம் கம்மாய் வெடித்துக் கிடப்பதும் ஆண்டவன் கட்டளை. ஆகையால் இங்கு பிறந்தவன் அரைவயிற்றுக் கஞ்சியோடிருப்பதும், பிழைப்புத் தேடிக் கடல் தாண்டுவதும் அவனவன் தலையெழுத்து என்பதாகும். இதைச் சொல்லுகிறவர்கள் எழுத்து வாசனையறியாத குடியானவர்கள் மாத்திரமல்ல. காலேஜில் படித்துப் பட்டம் பெற்ற கனவான்களும், ராஜபாளையம் கடைத்தெருவிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் நின்றுகொண்டு இதையேதான் சொல்லுகின்றார்கள்.

இந்தப் பேச்சு உண்மைதானா என்று இன்று சற்று விசாரித்துப் பார்க்க விரும்புகின்றோம். ஏனெனில், ஒரு மனிதன் தன் தரித்திரத்திற்குக் காரணம் மலையென்று நம்பிவிட்டானேயானால், பிறகு அவன் எந்த மனிதனையும் கேள்வி கேட்கமாட்டான். கேள்வி கேட்கப்படாமலிருப்பதில் லாபமடைகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லுகின்றோம். நமது வைதீகர்கள், ஏழையின் ஏழ்மைக்குக் காரணம் அவனுடைய பூர்வ ஜென்ம வினை என்றார்கள். ஐரோப்பாவில் மாண்டெஸ்கியூ என்னும் பெரிய அறிவாளி 1748ல் வெளியிட்ட சட்ட ஆராய்ச்சிப் புத்தகத்தில், உஷ்ண தேசத்து மக்கள் வெயிலால் சோம்பேறிகளாகவும் அடிமைத்தனத்திற்குப் பொருத்தமானவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள் என்கின்ற கருத்தைச் சொன்னார். பின்னால் நம்மை ஆள வந்த துரைமார்கள் பலருக்கும் இந்த வியாக்கியானம் மிகவும் பிடித்துப் போய்விட்டது. ஒருவர் வினை என்றார்; மற்றவர் வெயில் என்றார். வார்த்தைதான் வேறே தவிர சரக்கு ஒன்றேயாகும். இரண்டிலும் மேலே உட்கார்ந்திருப்பவன் மீது குற்றமில்லை. கீழே கிடப்பவன் மீதே குற்றம் என்று முடிகின்றதல்லவா?

நிற்க. பூகோளத்திற்கு ஒரு சம்பந்தமும் இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லுவது பகுத்தறிவாகாது. மேற்கு மலைத் தொடர் ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மதில் போல நிற்கின்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, தான் கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பகுதியை அந்தப் புறத்திலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் இந்தப் புறம் இறங்குகின்றது. நமக்கு முக்கியமாய்க் கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழைதான். மலையடிவாரத்தில் செம்மண்ணும், கிழக்கே சாத்தூர் பக்கம் கரிசலும் இருக்கின்றன. கரிசல் மண் ஈரத்தை வெகுநாள் பிடித்து வைப்பதால் அதில் பருத்தி விளைகின்றது. இவ்வளவும் இயற்கை. இதற்கு மேல் நடந்ததெல்லாம் மனிதன் செய்ததேயாகும்.

எப்படியெனில், இரண்டு மாதத்து மழையைப் பன்னிரண்டு மாதத்திற்கு வைத்துக்கொள்ள நம் முன்னோர்கள் கம்மாய் வெட்டினார்கள். இது வருணன் சொல்லிக் கொடுத்த வித்தையல்ல. மண்வெட்டி பிடித்தவன் கண்ட வித்தை. ஆனால் அந்தக் கம்மாய்த் தண்ணீர் பாயும் நஞ்சை யாருக்கு என்கின்றபோது மனுதர்மம் குறுக்கே வந்தது. நாடு முழுதும் நல்ல நஞ்சை கோயிலுக்கும், பிரம்மதேயத்திற்கும், மேல்சாதி மிராசுக்கும் போயிற்று. மடையைத் திறந்து விட்டவனும் நாற்று நட்டவளும் வரப்பில் நின்று கூலி வாங்கினார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறுவதற்கு முன்பே நம்முடைய மேடும் பள்ளமும் தயாராகத்தான் இருந்தன என்பதை மறந்துவிடக்கூடாது.

பிறகு கும்பெனியார் வந்தார்கள். 1799ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801ல் பாளையக்காரர் போர் முடிந்தது. அதே வருஷத்தில் கர்நாடக நவாபுவின் ஆட்சி முழுதும் கும்பெனி கைக்கு வந்தது. எதிர்த்த பாளையங்கள் அழிந்தன. மற்றவை, சேத்தூர், சிவகிரி போன்றவை, சாசுவத வரி கட்டும் ஜமீன்களாக ஆக்கப்பட்டன. மற்ற ஊர்களில் ரயத்துவாரி முறையின்படி ஒவ்வொரு குடியானவனும் நேரே சர்க்காருக்கு வரி கட்டவேண்டியதாயிற்று. வரியோ ரொக்கமாகக் கொடுக்கவேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ரொக்கம் ரொக்கந்தான். கம்மாயைப் பழுதுபார்க்கும் விஷயத்திலோ, சர்க்கார் 1858ல் ஒரு சட்டம் செய்து, கிராமத்தார் உழைப்பைக் கட்டாயமாக வாங்கலாம் என்றார்கள். நிலம் உள்ளவனுக்குத் தண்ணீர். நிலம் இல்லாதவனுக்கு வேலை என்கின்ற பழைய நியாயமே இதனால் சட்டமாயிற்று.

ரொக்கம் வேண்டுமானால் ரொக்கத்திற்கு விற்கும் பயிர் வேண்டுமல்லவா? அந்தப் பயிர் பருத்தி. 1861ல் அமெரிக்காவில் வடநாட்டாருக்கும் தென்நாட்டாருக்கும் யுத்தம் மூண்டது. அங்கே அடிமைகளைக் கொண்டு விளைவித்த பருத்தி லங்காஷயர் மில்களுக்கு வராமல் நின்றது. உடனே திருநெல்வேலிப் பருத்திக்குக் கிராக்கி ஏறிற்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் பொதிகள் குவிந்தன. 1865ல் யுத்தம் நின்றது, விலையும் விழுந்தது. கரிசல்காட்டுச் சம்சாரி அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கின்றதென்றே அறியான். ஆனால் அங்கே துப்பாக்கி வெடித்தால் இவன் பணம் எண்ணினான். அங்கே துப்பாக்கி ஓய்ந்தால் இவன் கடன்பட்டான். இதை எந்தப் பஞ்சாங்கமாவது முன்கூட்டிச் சொல்லிற்றா என்று கேட்கின்றோம்.

அடுத்தாற்போல் ரயில் வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் 1876ல் ஓடத் தொடங்கிற்று. பாதை போட்ட திசையைக் கவனியுங்கள். உள்நாட்டிலிருந்து துறைமுகத்திற்கு நேர் கோடு. பருத்தி போகவேண்டிய வழி அது. மலையடிவாரத்து ஜனங்கள் ஒருவரையொருவர் பார்க்கப் போகும் வழியல்ல. விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் வருவதற்கு 1927 வரை, அதாவது இன்னும் 51 வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த 51 வருஷமும் மலை அதே இடத்தில்தான் நின்றது. நிலம் தடுத்ததா, சர்க்காரின் வரவு செலவுக் கணக்குத் தடுத்ததா?

தூத்துக்குடிக்கு ரயில் ஓடிய அந்த 1876லேயே மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிற்று. 1878 வரை தென்னிந்தியாவில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்திற்குக் குறையாது என்பது பலருடைய கணக்கு. ஜனங்கள் செத்துக் கொண்டிருக்கையில் 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டும் தர்பார் நடந்தது. நிவாரண வேலை செய்த ஆண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று டெம்பிள் துரை திட்டம் செய்தார். சீமைக்குப் போகும் கோதுமைக் கப்பலோ நிற்கவில்லை. மழை பொய்த்தது இயற்கை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் தானியம் இருக்கும்போதே மனிதன் பட்டினியால் சாவது இயற்கையாகுமா?

அந்தக் காலத்தில் நமது ஜில்லாக்காரர் பதினாயிரக் கணக்கில் கப்பலேறி இலங்கைக்குப் போனார்கள். காப்பித் தோட்டம் நோயால் அழிந்து தேயிலைத் தோட்டம் வந்தது. தோட்டம் மாறியதே தவிர கங்காணி மாறவில்லை. போனவர்களில் மிகுந்த பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பாராயிருந்ததற்குக் காரணம், வறட்சி அவர்களைத் தனியாய்த் தேர்ந்தெடுத்துப் பிடித்ததல்ல. நிலமும் கிணறும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததேயாகும். அங்கே மூன்று நான்கு தலைமுறை பாடுபட்ட பிறகும், 1948ல் இலங்கை சர்க்கார் செய்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இங்கும் 3,00,000 பேரை அங்குமாகப் பங்கு போட்டது. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பிரதம மந்திரிகள் கையெழுத்திட்டார்கள். மனிதர்களைப் பருத்திப் பொதிபோல் எண்ணுவது வெள்ளைக்காரனோடு ஒழிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே போதும்.

இனி, இப்பேச்சின் முக்கிய இடத்திற்கு வருகின்றோம். ராஜபாளையத்தைச் சுற்றிப் பருத்தி விளைந்தது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனமுள்ள செம்மண்ணில் நன்றாகவே விளைந்தது. நூற்கத் தெரிந்த கையும் நெய்யத் தெரிந்த கையும் பக்கத்து ஊர்களிலெல்லாம் இருந்தன. அப்படியிருக்க ராஜபாளையத்தில் நூல் மில் ஏன் 1936ல் தோன்றிற்று? ஏன் 1886ல் தோன்றவில்லை? மண் அதே மண்தான். காற்று அதே காற்றுத்தான்.

விடை சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. 1896ல் சர்க்கார், சீமையிலிருந்து வரும் துணிக்கு 3½ சதவீதம் வரி போட்டுவிட்டு, அதற்குச் சரியாக இந்திய மில்லில் நெய்யும் துணிக்கும் 3½ சதவீதம் வரி போட்டார்கள். லங்காஷயர் முதலாளிக்கு நஷ்டம் வந்துவிடக்கூடாதென்ற பரிவே அதற்குக் காரணம். அந்த வரி 1925ல்தான் நிறுத்தப்பட்டது. 1927ல் ரயில் வந்தது. 1930ல் பருத்தித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். ஒன்றன்பின் ஒன்றாய் இப்படி வரிசையாய் வந்ததற்குக் காரணம் எந்தத் தெய்வத்தின் கடாட்சம்? முன்பாகவே, 1885ல், அதே மலைத் தொடரின் அடிவாரத்தில் பாபநாசத்தில், அருவித் தண்ணீரின் வேகத்தைக் கொண்டு ஹார்வி கம்பெனியார் மில் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்த அருவியில் நம்மவர்கள் அதுவரை பாவத்தைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூலதனமும் இயந்திர அறிவும் உள்ளவன் கண்ணுக்கு அருவி சக்தியாகத் தெரிந்தது. அவையில்லாதவன் கண்ணுக்குத் தீர்த்தமாகத் தெரிந்தது.

சிவகாசியின் கதையும் அப்படியே. மழை குறைந்த வறண்ட காற்று என்று எதைச் சாபமென்றார்களோ, அதே காற்று தீக்குச்சியை உலர்த்துவதற்கு ஏற்றதாயிற்று. 1922ஐ ஒட்டி இரண்டு வாலிபர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். பூகோளம் மாறவில்லை; அறிவு வந்தது, சாபம் சரக்காயிற்று. ஆனால் அந்தச் சரக்கை எத்தனையோ காலம் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிஞ்சுக் கைகளைக் கொண்டு ஒட்டி அடுக்கினார்களே, அதுவும் காற்றின் குற்றமா? குழந்தைத் தொழிலைத் தடுக்க 1986ல் சட்டம் வரவேண்டியிருந்தது.

அன்றியும், பணம் வந்தால் மாத்திரம் மனிதன் மனிதனாகிவிடுவதில்லை என்பதையும் இந்தச் சீமையே காட்டிற்று. பருத்தி வியாபாரத்தாலும் பேட்டைகளாலும் முன்னேறிய நாடார் சமூகத்தார், கமுதிக் கோயிலில் 1897ல் நுழைந்ததற்காக வழக்கு வந்து, சீமையிலுள்ள பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் தோற்றார்கள். இதற்கிடையில் 1899ல் சிவகாசியே கொள்ளையும் தீயுமாயிற்று. பருத்தி லண்டன் வரை தாராளமாய்ப் போகலாம். அதை விற்றவன் உள்ளூர்க் கோயிலுக்குள் போகக்கூடாது! இந்த அனுபவம்தான் விருதுநகரைச் சுயமரியாதைக் கோட்டையாக்கிற்று. 1931ல் நமது மூன்றாவது மாகாண மகாநாடு அங்கு கூடியது தற்செயலல்ல.

நம்முடைய கதை உலகக் கதையின் ஒரு துண்டேயாகும். கரும்பு விளையும் பார்படோஸ் முதலிய தீவுகளில் வெள்ளைக்காரன் பெரும் பண்ணை வைத்து ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டு வந்து சேர்த்தான். கரும்பு விளையாத குளிர்ந்த வட அமெரிக்கக் கரையில் அவன் தானே குடியேறித் தனக்குப் பள்ளிக்கூடமும் சட்டசபையும் வைத்துக்கொண்டான். அங்கிருந்த பூர்வ குடிகளையோ அழித்தும் துரத்தியும் விட்டான். 2024ல் பொருளாதார நொபேல் பரிசு பெற்ற ஆசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் என்னும் மூன்று பேராசிரியர்களின் ஆராய்ச்சியும் இதையொட்டியதே. காய்ச்சலால் வெள்ளையர் வாழ முடியாத இடங்களில் சுரண்டிக்கொண்டு போவதற்கான அமைப்புகளையும், வாழ முடிந்த இடங்களில் தங்கள் உரிமைக்கான அமைப்புகளையும் ஏற்படுத்தினார்கள் என்பதும், நாட்டின் செழிப்பையும் வறுமையையும் பிற்காலத்தில் தீர்மானித்தது சீதோஷ்ணமல்ல, அந்த அமைப்புகளே என்பதும் அவர்கள் முடிவு. அதை மறுத்து வாதிப்பவர்களும் இருக்கிறார்கள், வாதம் நடக்கட்டும். ஆனால் பூகோளம் மனிதனுக்கு முன்னால் ஒரு வாய்ப்பை வைக்கின்றதே தவிர, தீர்ப்பு எழுதுவதில்லை என்பது நமக்கு ஐயமறத் தெரிகின்றது.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் வடக்கே தேனிப் பக்கம் போய்ப் பாருங்கள். மேற்கே ஓடிக் கடலில் விழும் பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, 1895ல் கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். மலைக்கு அந்தப் புறம் மழை என்பது ஆண்டவன் கட்டளையானால், பென்னிகுவிக் என்ற என்ஜினீயர் அந்தக் கட்டளையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார் என்றே சொல்லவேண்டும். அதற்காக எந்த ஆண்டவனும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தத் தண்ணீரை மதுரைப் பக்கம் கொண்டுபோனதும், போட்ட பணத்திற்குத் தீர்வை வருமா என்று சர்க்கார் கணக்குப் பார்த்தே. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுகின்றது என்பது பள்ளிக்கூடப் பாடம். பணத்தையும் அதிகாரத்தையும் நோக்கி ஓடுகின்றது என்பது சரித்திரப் பாடம்.

சரி, வெள்ளைக்காரன் 1947ல் போய்விட்டான். 1948 சட்டத்தால் ஜமீனும் ஒழிந்தது. இன்றைய நிலை என்ன? ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் காயத்தைக் கட்டுகின்றது. நெய்கிறவன் குடும்பத்துக் காயத்தை யார் கட்டுவது? தமிழ்நாட்டு நூல் மில்கள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரால், மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் கலியாணச் செலவுக்கு மொத்தமாய்ப் பணம் கிடைக்கும் என்று ஏழைப் பெண்களைச் சேர்த்தார்களே, அதற்கு வழிவிட்டது எந்த மலை? வரதட்சணை என்கின்ற மூடவழக்கமும், பெண் கைக்குக் கூலி குறைவு என்கின்ற அநியாயமும் சேர்ந்தே வழிவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பாலைக் கறந்தவளும் அடுப்பின் முன் நின்று கிண்டினவனும் புவியல்ல, மனிதர்கள் என்பதை அந்தக் குறியீடு மறைத்துவிடலாகாது.

கம்மாய்களோ தூர்ந்து கிடக்கின்றன. வரத்துக்கால்களில் வீடும் தோட்டமும் முளைத்திருக்கின்றன. ஆக்கிரமித்தவர்களில் நமது பத்திரிகையை வாசிக்கும் கனவான்களும் இருக்கக்கூடும். அவர்களையும் சேர்த்தே சொல்லுகின்றோம். மழை தவறினால் உடனே கொடும்பாவி கட்டி இழுக்கின்றோம். கழுதைக்குக் கலியாணம் செய்கின்றோம். வருண ஜெபத்திற்குக் குடம் வைக்கின்றோம். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாய் வடம் பிடித்து இழுக்கின்றார்கள். அத்தனை கையும் ஒரே ஒரு நாள், சாதி பார்க்காமல், கூடையும் மண்வெட்டியுமாக ஒரு கம்மாயில் இறங்கினால் அந்தக் கம்மாய் தூர்ந்து கிடக்குமா? தேர் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து நிற்கின்றது. தூர் எடுத்த கம்மாய் அப்படி நிற்காது, அடுத்த மழைக்குப் பயன் தரும்.

ஆகவே தோழர்களே, இனிமேல் உங்கள் ஊரில் யாராவது "இந்தச் சீமைக்கு விதித்தது அவ்வளவுதான்" என்று சொன்னால், அவரைச் சும்மா விட்டுவிடாதீர்கள். கம்மாய் வரத்துக்காலை அடைத்தவர் யார், நஞ்சை யார் பேரில் இருக்கின்றது, கூலியை நிர்ணயித்தவர் யார், பள்ளிக்கூடத்திற்குப் போகாத பிள்ளை எந்தத் தெருப் பிள்ளை என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். நான்கிற்கும் விடையாக ஒரு மனிதன் பெயரோ, ஒரு சட்டமோ, ஒரு வழக்கமோதான் வரும். மலையின் பெயர் வராது. மலையை நம்மால் நகர்த்த முடியாது, நகர்த்தவும் வேண்டியதில்லை. மனிதன் செய்ததை மனிதனால் மாற்ற முடியும் என்பதே பகுத்தறிவு. அதை மாற்றத் துணிவதே சுயமரியாதை.